படிவத்தில் சுருக்கமாக, எனக்கு விரிவாக

சேரப்பணஞ்சேரி
12.6.2023

அன்புள்ள கவிக்கு,

விழி அக்கா எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்துத் தபாலில் வந்து நிற்கிறாளே என்று சிரித்திருப்பாய். சிரி, சிரி. தண்டலம் ஹாஸ்டலை விட்டு வந்த பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதே இல்லை. அந்த வார்டன் ஒரே கட்டிலை நம் இரண்டு பேருக்கும் வாடகைக்கு விட்டாளே, மறந்திருக்க மாட்டாய். பேக்டரியில் நான் காலை ஏ ஷிப்ட், நீ ராத்திரி சி ஷிப்ட். நான் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் நீ வந்து விழுவாய். முகம் பார்த்துப் பேச ஞாயிற்றுக்கிழமை, மற்ற நாளெல்லாம் தலையணைக்கடியில் கடிதம். "அக்கா, ஃபேன் ரெகுலேட்டரில் பொறி பறக்குது, கை வைக்காதே. பாத்ரூம் தாழ்ப்பாள் கழண்டுபோச்சு, வாளியை முட்டுக் கொடு." லைனில் ஷிப்ட் மாறும்போது மெஷினில் உள்ள குறையைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அந்த வழக்கத்தைக் கட்டிலுக்கும் கொண்டு வந்தவள் நீ.

இப்போது ஏன் தபால் என்றால், போனை அணைத்துப் போட்டு இருபது நாள் ஆகிறது. உன் கம்பெனியின் புண்ணியம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நாள் முழுக்க வீட்டுக்கடன் டியூ கேட்டு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்காவிட்டால் விண்ணப்பத்தில் நான் எழுதிக் கொடுத்த மற்ற எண்களுக்குப் போகிறார்கள். சங்கரன்கோவிலில் எங்க அம்மாவிடம், "உங்க பொண்ணு வூட்டைக் கட்டிக்கினு ஓடிட்டாளா?" என்று கேட்டிருக்கிறான் ஒருத்தன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். உன் அத்தான் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பை மார்ச்சில் மூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் காண்ட்ராக்டிலேயே வைத்திருந்ததால் கையில் ஒன்றும் தரவில்லை. இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறார், பாதிச் சம்பளம். நான் ஒரகடத்தில் ஒரு கேன்டீனில் காய் நறுக்குகிறேன். மூன்று டியூ நின்றுபோயிற்று. கடனை ரத்து செய் என்று கேட்கவில்லை, தாயே. ஆறு மாதம் மூச்சு விட இடம் கொடுத்து, அந்தத் தவணைகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல். குன்றத்தூர் கிளையில் நீ பெரிய ஆபீசர். இந்தக் கடனே நீ வாங்கிக் கொடுத்தது. உன் முதல் பைல் நான்தான் என்று கிரகப்பிரவேசத்தன்று எல்லாரிடமும் சொன்னாய். அந்தப் பைலுக்காகக் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து நீயே ஆணி அடித்து மாட்டினாய். அது இன்னும் ஓடுகிறது.

இந்த வீடு போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை கவி. உனக்குத் தெரியாததா.

உன் கட்டில்காரி,
விழி


குன்றத்தூர்
25.6.2023

என் விழி அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அந்த 'ழி'யைச் சுழித்துப் போடுவது அப்படியே இருக்கிறது. சின்னவன் தவழ்ந்து வந்து உறையைக் கிழித்து வாயில் வைத்துக்கொண்டான். எங்கள் வீட்டுக்காரர் பகலவனும் படித்துவிட்டு, "இவ்வளவு அழகாக எழுதுகிறவங்களை நீ ஏன் வீட்டுக்கே கூப்பிடல?" என்றார். படப்பை பக்கம் மனை விற்பனையில் அலைகிற மனுஷன், அவருக்கே மனசு கரைந்துவிட்டது.

அக்கா, நீங்கள் போன் செய்யாததும் நல்லதுதான். கிளையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. நீங்கள் என்னிடம் ஏதாவது சொல்லி, நான் ஏதாவது சொல்லி, நாளைக்கு இரண்டு பேருக்கும் வம்பு. இந்த வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். நம் தலையணைக்கடி இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டப்படுகிறவர்களுக்குத் தவணை தள்ளிவைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பரிந்துரை எழுதித்தான் மண்டல அலுவலகத்துக்குப் போகும். நன்றாக எழுத வேண்டுமானால் எனக்கு எல்லாம் தெரிய வேண்டும் அக்கா. அத்தான் எங்கே எந்த நேரம் வேலை பார்க்கிறார், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சாப்பாட்டுக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள், எல்லாவற்றையும் மனம் விட்டுச் சொல்லுங்கள். என்னிடம் என்ன கூச்சம்? படிவத்தில் சுருக்கமாக, எனக்கு விரிவாக.

தைரியமாக இருங்கள். உங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சியவள் நான். அது போக விட்டுவிடுவேனா?

உங்கள் தங்கை,
கவி


சேரப்பணஞ்சேரி
9.7.2023

அன்புள்ள கவிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் இரண்டாவது தோசை கேட்டார். நீ நன்றாக இருப்பாய்.

படிவத்தைப் பூர்த்தி செய்து கிளையில் கொடுத்துவிட்டேன். விரிவாகக் கேட்டாயே, எழுதுகிறேன், காது கொடு. உன் அத்தான் அதிகாலை நாலரைக்குப் போனால் இரண்டாவது டிரிப் முடித்து மாலை நாலு மணிக்கு வருவார். நான் ஆறு மணிக்குப் போனால் மூன்று மணி. பிரவீனா ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் மதியச் சாப்பாடு, அதனால் ஒரு வேளை மிச்சம். என் தாலிக்கொடி போன மாதம் போயிற்று, இப்போது மஞ்சள் கயிறு. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, கழுத்து அரிப்பதில்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. படிவத்தில் 'வீட்டின் எந்தப் பகுதியாவது வாடகைக்கு விடப்பட்டுள்ளதா' என்று ஒரு கேள்வி. விட்டிருந்தால் சலுகை கிடையாதாம். நான் 'இல்லை' என்று எழுதினேன். அது பொய் கவி. ஏப்ரலில் முன்னறையை இரண்டு பையன்களுக்கு விட்டிருக்கிறேன். இசக்கி என்று ஒருத்தன், அவன் கூட்டாளி ஒருத்தன், நம் திருநெல்வேலிப் பக்கம்தான், டயர் கம்பெனியில் டிரெய்னி. நாங்கள் மூன்று பேரும் உள்ளே இருக்கிற ஒரே படுக்கையறையில் முடங்கிக்கொள்கிறோம். அந்த வாடகையில்தான் அரிசி வாங்குகிறோம். அதை எழுதினால் சலுகை போகும், பையன்களை அனுப்பினால் சோறு போகும். உன் கம்பெனிக்குப் பொய் எழுத வந்தது, உனக்கு எழுத வரவில்லை.

ஒரு வேடிக்கை கேள். அவன்களுக்கும் ஒரே கட்டில்தான். ஒருத்தன் ஏ, ஒருத்தன் சி. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். நான் அந்த வார்டன் ஆகிவிட்டேன் பார்த்தாயா. இசக்கி நல்ல பிள்ளை. போன வாரம் மோட்டார் சுவிட்சைத் தொட்டு ஷாக் அடித்து உட்கார்ந்துவிட்டான். "யக்கா, இது ஆளக் கொல்லும் பாத்துக்கோ" என்றான். உன் அத்தான் கையில் நாலு காசு வந்ததும் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவுதான் என் ரகசியம். படித்துவிட்டு ஹாஸ்டலில் செய்கிற மாதிரி கிழித்துப் போட்டுவிடு.

உன் கட்டில்காரி,
விழி


குன்றத்தூர்
2.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது.

நான் என்னால் ஆனதைச் செய்தேன் அக்கா. பரிந்துரைக்கு ஆதாரம் வேண்டும் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டார்கள். தாலிக்கொடி விஷயமும் பிரவீனாவின் சாப்பாடும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே, யார் படித்தாலும் இரங்குவார்கள் என்று நினைத்து உங்கள் கடிதத்தை அப்படியே பைலில் வைத்து அனுப்பினேன். அவர்கள் முன்னறை பற்றிய அந்தப் பத்தியை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பொய் உறுதிமொழி என்று எழுதியிருக்கிறது. இனி எந்தச் சலுகைக்கும் நீங்கள் மனு செய்ய முடியாது. முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வரும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், நீங்கள் படிவத்தில் உண்மையை எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதத்தில் பொய் எழுதலாமா? எனக்கும் விளக்கம் கேட்டார்கள். கடிதத்தை நானாகவே கொடுத்ததால்தான் என் வேலை தப்பித்தது.

மனதைத் தளர விடாதீர்கள். ஆறு டியூவையும் மொத்தமாகக் கட்ட முடியுமா என்று பாருங்கள். சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை.

என்றும் உங்கள்,
கவி


சேரப்பணஞ்சேரி
17.9.2023

கவி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் புரிந்தது, நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. என்னைத்தான் கேட்கச் சொல்கிறாய்.

இரங்குவார்கள் என்று நினைத்தாயாம். பத்து வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறாய். எது இரக்கம், எது ஆதாரம் என்று தெரியாதா உனக்கு? தாலிக்கொடி வரியை மட்டும் நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா? கிழித்துப் போடு என்று எழுதினேனே, அந்த வரிக்கும் மஞ்சள் கோடு போட்டார்களா?

வியாழக்கிழமை குன்றத்தூர் வந்தேன். உனக்குத் தெரியும். எங்க அண்ணனிடம் வாங்கி இரண்டு டியூ பணம் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தேன். கவுன்டர் பையன், "பார்ட் பேமென்ட்லாம் வாங்க மாட்டோம்மா, கணக்கு லீகலுக்குப் போய்ட்ச்சு" என்றான். நீ கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தாய். நான் கையைத் தூக்கினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய், பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாய். அதில் திரை வெளிச்சம்கூட இல்லை. வெளியே வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். நீ பின்பக்கமாகப் போய்விட்டாய் என்று வாட்ச்மேன் சொன்னான். பாவம், அவன்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

வசூல் ஆட்கள் இப்போது வீட்டுக்கே வருகிறார்கள். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம் பார்த்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒருத்தன், "இன்னாம்மா, முன்ரூம்பு வாடகை மட்டும் கரீட்டா வாங்கத் தெரியுது, டியூ கட்டத் தெரியலியா?" என்றான். முன்னறை என்று அவனுக்கு யார் சொன்னது? இசக்கியும் அவன் கூட்டாளியும் மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். போகும்போது இசக்கி என் காலைத் தொட்டான். இவ்வளவுக்கும் அவன் எனக்கு ஐந்து மாதப் பழக்கம்.

திட்டிவிட்டேன். திட்டி முடித்த பிறகும் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் என் கதி. பையன்கள் இல்லை, வீடு காலி, இப்போது பொய்யும் இல்லை. ஒரே ஒரு தடவை மறுபடி எழுது. உன் காலில் விழுகிறேன் கவி.

விழி


சேரப்பணஞ்சேரி
11.2.2024

கவி,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்குப் பின்னால் எழுதிய இரண்டு அஞ்சலட்டைகளுக்கும் இல்லை. பரவாயில்லை, படித்தால் போதும்.

நேற்றுக் காலை உன் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்து நிலைக்கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாவிலைத் தோரணத்தை அறுத்துக் கீழே போட்டுவிட்டுப் பசை தடவினார்கள். ஒட்டிய பிறகு எங்களைக் கதவு பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிரவீனா எதற்கென்று புரியாமல் தலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். அந்தப் படம் உன் மேசைக்கு வந்தால் பார். பல் விழுந்த இடம் தெரியும்.

இன்று பேப்பரில் எங்கள் பேரும் சர்வே எண்ணும் நாலு எல்லையும் போட்டு விளம்பரம் வந்திருக்கிறது. உன் அத்தான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போனார். போகும்போது, "உன் சிநேகிதிக்கு எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். எழுதினேன் என்றேன். மனுஷன் இன்னும் உன்னை நம்புகிறார்.

அண்ணன் ஊரில் இருக்கும் வயலை விற்க ஒத்துக்கொண்டான். கிரயம் முடிய மூன்று மாதம் ஆகும். பாக்கி டியூ முழுவதும், வட்டி, அபராதம், வக்கீல் செலவு எல்லாம் கட்டிவிடலாம். மூன்று மாதம் ஏலத்தைத் தள்ளி வைக்கச் சொல். எழுத்தில் கிளையிலும் கொடுத்திருக்கிறேன், ரசீது இருக்கிறது. உனக்கும் எழுதுகிறேன். இது ரகசியம் இல்லை, தாராளமாகப் பைலில் வை.

விழி


குன்றத்தூர்
16.6.2024

அன்புள்ள விழி அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு லீகலில் இருக்கும்போது கடன்காரரோடு கடிதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்களுக்கு விதி. இப்போது எல்லாம் முடிந்துவிட்டதால் மனம் விட்டு எழுதுகிறேன்.

ஏலம் நடந்தது உங்களுக்குத் தெரியும். யார் எடுத்தது என்று தெரிந்திருக்காது. வேறு யார் வாயாலோ கேட்பதைவிட நானே சொல்வதுதான் முறை. எங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார் அக்கா, அவருடைய தம்பி பேரில். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எப்படியும் யாரோ ஒருவருக்குப் போகத்தான் போகிறது. முகம் தெரியாதவன் எடுத்து இடித்துக் குடோன் கட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பால் காய்ச்சிய கைக்கே வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் குடியிருக்கும் வீடு என்பதால் ஏலத்தில் போட்டி இல்லை, விலையும் இறங்கிவிட்டது. அதனால் ஏலத்தொகை போகக் கடனில் கொஞ்சம் மீதி உங்கள் பேரில் நிற்கிறது. அதற்குத் தவணை போட்டுத் தர நான் பேசுகிறேன். இந்த முறை நிச்சயம் கிடைக்கும்.

உங்கள் அண்ணன் வயல் விஷயம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "மூணு மாசத்துல பணம் வந்துடும்னா அதுக்கு முன்னாடி முடிச்சாகணும்" என்று அவர் அவசரப்பட்டுவிட்டார். ஆம்பிளைகள் கணக்கே வேறு. நான் என்ன செய்ய முடியும்?

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி நல்ல நாள், வருகிறோம். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். முன்னறையில் நீங்கள் மூன்று பேரும் இருந்துகொள்ளுங்கள். முதல் மாதம் வாடகை வேண்டாம் என்று அவரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் இருந்தால் சின்னவனைப் பார்த்துக்கொள்ளவும் எனக்கு ஒரு ஆள் ஆயிற்று. மறுபடி ஒரே கூரைக்குக் கீழே இருப்போம், ஹாஸ்டல் மாதிரி.

உங்கள் தங்கை என்றும்,
கவி


சேரப்பணஞ்சேரி
14.7.2024, ஞாயிறு

கவிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. முன்னறைக் கட்டிலில் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். ஷிப்ட் மாறுகிறது, குறைகளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

சமையலறைக் குழாய் இறுக்கி மூடினால் ஒழுகும், பாதி திருகினால் நிற்கும். மாடிப்படி ஏழாவது படியில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறது. மழைக்குப் படுக்கையறையின் வடக்கு மூலை ஓதம் காக்கும், அலமாரியை ஒட்டி வைக்காதே. நிலைக்கதவில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸின் பசை எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. உன் கடிகாரம் ஆணியிலேயே இருக்கிறது.

வாடகை இல்லாத முதல் மாதத்துக்கு நன்றி. உன் அத்தானிடம் அதைப் படித்துக் காட்டினேன். பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், டிபோவில் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கூட ஓட்டுகிறவர் வந்து சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை, இதையும் பார்க்க விடவில்லை. பிரவீனா, "கவி சித்தி நம்ம வீட்டுக்கு வராங்களே, நாம ஏன் போறோம்?" என்று கேட்டாள். நீ வந்ததும் அவளுக்கு எழுது. நீதான் நன்றாக எழுதுவாயே.

நாங்கள் எங்கே போகிறோம் என்று எழுதப் போவதில்லை. உன் கம்பெனி மீதியை வசூலிக்கத் தேடட்டும்.

கடைசியாக ஒன்று. மோட்டார் சுவிட்சை நாங்கள் மாற்றவே இல்லை. முன்னைவிட மோசம், தண்ணீர் ஓதம் இறங்கியிருக்கிறது. உன் சின்னவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை மெயினை அணைத்தே வை. அவனை அந்தப் பக்கம் விடாதே. காலையிலிருந்து மற்ற எல்லாக் குறையையும் எழுதிவிட்டு, இதை மட்டும் எழுதாமல் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உன் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டேதான் அப்படி உட்கார்ந்திருந்தேன் கவி. வீட்டை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ. அரை மணி நேரம் என்னை அப்படி உட்கார வைத்தாயே, அதை மன்னிக்க மாட்டேன்.

பார், கடைசியிலும் உனக்கு எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டேன். கதவைப் பூட்டவில்லை, சாவி கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் பைலில் சேர்த்துக்கொள்.

அ. வேல்விழி